பதக்கம் அவர் பேரில்… பத்திரம் யார் பேரில்?

உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன் ஆக்னஸ் டிரோப்பின் வாழ்வும், அவர் மரணத்துக்குப் பிறகு கென்யா கேட்டுக்கொண்ட கேள்விகளும்

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஹெர்ட்ஸோகன்அவுராக் என்றொரு சிற்றூர். அடிடாஸ் நிறுவனத்தின் தலைமை வளாகத்துச் சாலைகளையே அன்று பந்தயப் பாதையாக்கியிருந்தார்கள். 10 கிலோமீட்டர். பெண்கள் மட்டும் ஓடும் பந்தயம். வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஆண்கள் கிடையாது. ஒல்லியான உடம்பு, அலுங்காத தோள், தரையைத் தொட்டதும் எழும்பிவிடும் பாதம். அந்தக் கென்யப் பெண் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் காட்டியது 30 நிமிடம் 1 வினாடி.

கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம். அதாவது 100 மீட்டரை 18 வினாடியில் ஓட வேண்டும். மூச்சு வாங்க நிற்காமல் அதையே 100 முறை செய்ய வேண்டும். மொராக்கோவின் அஸ்மே லெக்ஸாவி 2002-ல் வைத்த 30 நிமிடம் 29 வினாடி என்ற உலக சாதனை 19 ஆண்டுகளாக அசையாமல் இருந்தது. ஆக்னஸ் ஜெபெட் டிரோப் அதிலிருந்து 28 வினாடிகளைக் கழற்றி எறிந்தார்.

அதற்கு 31-வது நாள், அக்டோபர் 13. கென்யாவின் இடென் நகரில், தன் வீட்டுக்குள் ஆக்னஸ் கத்திக் குத்துக் காயங்களோடு இறந்து கிடந்தார். வயது 25. இன்னும் பத்து நாளில் 26 முடிந்திருக்கும். பிறந்தநாளான அக்டோபர் 23 அன்றே, நாண்டி மாவட்டத்துச் சொந்த ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கணவர் மறுநாளே துறைமுக நகரமான மொம்பாசாவில் கைதானார். கொலைக் குற்றச்சாட்டை அவர் மறுத்திருக்கிறார். 2023 நவம்பரில் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. கொன்றது யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த வீட்டுக்கு வெளியேயும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது: உலகத்தையே ஜெயிக்கும் பெண்களை வரிசையாக உருவாக்கத் தெரிந்த ஒரு நாடு, அவர்கள் சம்பாதித்ததை அவர்கள் கையில் வைத்திருக்க ஏன் ஒரு வழி செய்யவில்லை?

புல்தரை ராணி

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு டிராக் கிடையாது. புல், சேறு, மேடு, பள்ளம், சில இடங்களில் குறுக்கே போட்ட மரக்கட்டை. ஊருக்கு ஊர் பாதை மாறுவதால் இதில் உலக சாதனை நேரம் என்று எதுவும் எழுதிவைப்பதில்லை. முதலில் வந்தால்தான் பேர். 1,500 மீட்டர் ஓடுகிறவரும் மாரத்தான் ஓடுகிறவரும் ஒரே கோட்டில் நின்று கிளம்புவார்கள். ‘ஒலிம்பிக் தங்கத்தைவிட இதில் ஜெயிப்பது கஷ்டம்’ என்று தடகள வட்டாரத்தில் சொல்வதுண்டு.

கென்யப் பெண்களுக்கு இது சொந்த வயல் மாதிரி. 2009 முதல் 2024 வரை நடந்த ஒன்பது உலக கிராஸ் கன்ட்ரி போட்டிகளிலும் சீனியர் பெண்கள் பட்டம் கென்யாவுக்குத்தான். 2017-ல் உகாண்டாவின் கம்பாலாவில் முதல் ஆறு இடங்களையும் கென்யப் பெண்களே அள்ளிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில் உலகப் போட்டியில் ஜெயிப்பது இருக்கட்டும், அணிக்குள் நுழைவதே பெரிய காரியம்.

ஆக்னஸ் 1995-ல் பிறந்தவர். 16 வயதில், 2012-ல் பார்சிலோனாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 5,000 மீட்டர் வெண்கலம். 2013-ல் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் உலக கிராஸ் கன்ட்ரி ஜூனியர் வெள்ளி. அன்று அவரை முந்தியவர், பின்னாளில் 1,500 மீட்டரில் ஒலிம்பிக் தங்கங்களைக் குவித்த ஃபெய்த் கிப்யேகோன். 2014-ல் மறுபடி உலக ஜூனியர் வெண்கலம்.

2015 மார்ச் 28, சீனாவின் குய்யாங். ஜூனியர் பிரிவை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த 19 வயதுப் பெண், சீனியர் கோட்டில் நிற்கிறார். தூரம் 8 கிலோமீட்டர். எத்தியோப்பியாவின் செம்பெரே தெஃபெரி, நெட்சனெட் குடெட்டா இருவரும் விடாமல் துரத்துகிறார்கள். 26 நிமிடம் 1 வினாடியில் முடித்தார் ஆக்னஸ்; தெஃபெரி ஐந்து வினாடி பின்னால். 1985-ல் ஜோலா பட் ஜெயித்ததற்குப் பிறகு இவ்வளவு சின்ன வயதில் இந்தப் பட்டத்தை வேறு எந்தப் பெண்ணும் வென்றதில்லை.

அப்போது ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8. அடுத்த போட்டியிலிருந்து இரு பாலருக்கும் 10 என்று சமமாக்கினார்கள். 8 கிலோமீட்டரில் உலக சாம்பியனான கடைசிப் பெண் ஆக்னஸ்தான்.

■ ஓட்டக் கணக்கு

• 2012, பார்சிலோனா: உலக ஜூனியர் 5,000 மீட்டர் வெண்கலம்
• 2013, பிட்கோஷ்ச்: உலக கிராஸ் கன்ட்ரி ஜூனியர் வெள்ளி
• 2014, யூஜீன்: உலக ஜூனியர் 5,000 மீட்டர் வெண்கலம்
• 2015, குய்யாங்: உலக கிராஸ் கன்ட்ரி சீனியர் தங்கம்
• 2017, லண்டன்: உலக தடகளம் 10,000 மீட்டர் வெண்கலம் (31:03.50)
• 2019, தோஹா: உலக தடகளம் 10,000 மீட்டர் வெண்கலம் (30:25.20)
• 2021, டோக்கியோ: ஒலிம்பிக் 5,000 மீட்டர் நான்காம் இடம் (14:39.62)
• 2021, ஹெர்ட்ஸோகன்அவுராக்: பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலக சாதனை (30:01)

முக்கால் வினாடி

டிராக்கில் அவருக்கு வாய்த்த போட்டியாளர்கள் சாமானியர்கள் இல்லை. 2017 லண்டனில் முன்னால் போனவர்கள் அல்மாஸ் அயானாவும் திருனேஷ் டிபாபாவும். டிபாபாவுக்கும் இவருக்கும் இடையே ஒரு வினாடிகூட இல்லை. 2019 தோஹாவில் சிஃபான் ஹசனும் லெட்டசென்பெட் கிடேயும் முன்னால் போக, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரத்தை ஓடியும் ஆக்னஸுக்குக் கிடைத்தது மறுபடி வெண்கலம். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதுவும் கைநழுவியது. மூன்றாம் இடத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.75 வினாடி.

அந்த ஏமாற்றம் ஆறு வாரம்கூட நிற்கவில்லை. நேராக ஜெர்மனி போய் உலக சாதனை படைத்தார். அதே நாளில், அதே வளாகத்தில், 5 கிலோமீட்டர் சாதனையை உடைத்தவர் அந்தப் பழைய குய்யாங் போட்டியாளர் செம்பெரே தெஃபெரி. ஆக்னஸின் 30:01-ஐ 2025 ஏப்ரலில்தான் இன்னொரு கென்யப் பெண் முறியடித்தார். அவர் பேரும் ஆக்னஸ்: ஆக்னஸ் ஙெடிச், 29 நிமிடம் 27 வினாடி.

ஆக, 2021 இலையுதிர் காலத்தில் ஆக்னஸ் டிரோப் இறங்குமுகத்தில் இல்லை. 10,000 மீட்டர் ஓட்டக்காரர்களுக்கு 25 வயது என்பது ஏறுமுகம். அதன் பிறகு சாலை ஓட்டம், அரை மாரத்தான், மாரத்தான் என்று பத்து வருடச் சம்பாத்தியம் காத்திருக்கும். அவருக்கு அந்தப் பத்து வருடம் கிடைக்காமல் போனது.

இடென்: ஓட்டமே தொழிலான ஊர்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். ஒரு பக்கம் கிடுகிடுவென்று இறங்கும் கெரியோ பள்ளத்தாக்கு. ஊருக்குள் நுழைந்ததும் ‘சாம்பியன்களின் இல்லம்’ என்று வளைவு. செம்மண் பாதையில் விடிவதற்கு முன்பே கூட்டம் கூட்டமாக ஓட ஆரம்பித்துவிடுவார்கள். வியாழக்கிழமை காலைகளில் ஃபார்ட்லெக்: ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடும் பயிற்சி. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அயர்லாந்து மிஷனரி பிரதர் கோம் ஓகானல் 1976-ல் இங்கே செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்குப் பாடம் நடத்த வந்து, பயிற்சியாளராகி, ஊரின் தலையெழுத்தையே மாற்றினார். பிறகு, கென்யாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடிய லோர்னா கிப்லகட் இங்கே உயர்நிலப் பயிற்சி மையம் ஒன்றைக் கட்டினார். அவரும் 2007-ன் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்.

இந்த ஊரில் ஒரு பெண் ஓட்டக்காரியாக வளர்வது எப்படி? பள்ளிப் போட்டியில் ஜெயிக்கிறாள். அம்மா அப்பா விவசாயக் கூலிகளாகவோ துண்டு நிலம் வைத்திருப்பவர்களாகவோ இருப்பார்கள். ஷூ வாங்கக் காசில்லை, முகாமில் தங்கப் பணமில்லை. அப்போது ஓர் ஆண் வருகிறான். அவனும் ஓட்டக்காரனாக இருந்திருப்பான், பெரிதாக வந்திருக்க மாட்டான். ‘நான் பயிற்சி தருகிறேன்’ என்கிறான். ஷூ வாங்கித் தருகிறான். காலையில் கூடவே ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கிறான். கொஞ்ச நாளில் அவனே மேனேஜர். இன்னும் கொஞ்ச நாளில் கணவன்.

இப்படிச் சேர்ந்து நல்லபடியாக வாழ்கிற தம்பதிகள் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த ஏற்பாடு பலம். ஆனால் உறவு கெட்டுப்போனால் அந்தப் பெண் ஒரே நாளில் பயிற்சியாளரையும், கணக்குப் பார்ப்பவரையும், வீட்டையும் இழக்கிறாள். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது யார் அந்த முடிவை எடுப்பார்கள்? 

டாலர் வந்த வழியும் போன வழியும்

ஒரு பந்தயத்தில் ஜெயித்தால் பணம் உடனே கைக்கு வந்துவிடாது. ஊக்கமருந்துச் சோதனை முடிவு வர வேண்டும், ஏஜென்ட் கமிஷன் போக வேண்டும். மாதங்கள் கழித்து வங்கிக் கணக்குக்கு மொத்தமாக ஒரு தொகை வரும். கூலி வேலையில் ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் காண முடியாத தொகை அது.

■ மூன்று பதக்கம், 70,000 டாலர்

உலக தடகளச் சம்மேளனத்தின் பரிசுப் பட்டியல்படி ஆக்னஸின் மூன்று பெரிய பதக்கங்களுக்கு உரிய தொகை:
• 2015 உலக கிராஸ் கன்ட்ரி தங்கம்: 30,000 டாலர்
• 2017 உலக தடகள வெண்கலம்: 20,000 டாலர்
• 2019 உலக தடகள வெண்கலம்: 20,000 டாலர்
ஷூ நிறுவன ஒப்பந்தம், சாலைப் பந்தயப் பரிசு, பங்கேற்புக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். கமிஷனும் வரியும் இதிலிருந்து கழியும்.

அந்தப் பணத்தில் எல்லோரும் முதலில் வாங்குவது ‘ஷம்பா’. அங்கே நிலத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு எல்டொரெட் நகரத்தில் வாடகைக்கு விட ஒரு கட்டடம். பந்தயம், முகாம், விமானம் என்று அலைகிற பெண்ணால் தரகரைப் பார்த்து, விலை பேசி, பதிவு அலுவலகத்தில் நிற்க முடியாது. ஊரில் இருக்கிற கணவர் செய்வார். பெண் பேரில் நிலம் வாங்கினால் ஊர் இன்னும் ஒரு மாதிரிதான் பார்க்கும். பத்திரம் யார் பேரில் ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆக்னஸின் சம்பாத்தியமும் அதில் வாங்கிய சொத்தும்தான் வீட்டுச் சண்டைக்குக் காரணம் என்று அவர் குடும்பத்தாரும் செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கென்யாவின் 2010 அரசியல் சட்டம் திருமணத்தில் இருவருக்கும் சம உரிமை தருகிறது. 2013-ல் வந்த திருமணச் சொத்துச் சட்டம், பிரியும்போது அவரவர் பங்களிப்புக்கு ஏற்ப சொத்தைப் பிரிக்கச் சொல்கிறது. கல்யாணம் ஆன ஒரே காரணத்தால் பாதி சொத்து வந்துவிடாது, பங்களிப்பைக் காட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது.

வருமானமில்லாத மனைவிகளுக்கு இந்தத் தீர்ப்பு இடி. ஓட்டக்காரிகளுக்கோ சாதகமாக இருந்திருக்க வேண்டும். குடும்பத்தில் சம்பாதிப்பவர் அவர்தானே. ஆனால் கையில் காகிதம் வேண்டும். எந்தப் பந்தயப் பணம் எந்தக் கணக்குக்கு வந்தது, அதிலிருந்து எந்த நிலம் வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும். பாஸ்புக்கும் ஒப்பந்தமும் இன்னொருவர் பீரோவில் இருந்தால் எதைக் காட்டுவது?

ஆக்னஸோடு முடியவில்லை

ஆக்னஸ் இறந்ததும் கென்ய தடகளச் சங்கம் இரண்டு வாரம் போட்டிகளை நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் எல்டொரெட்டில் அவர் பேரிலேயே சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டி நடந்தது. அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து, அதே இடென் நகரில் டமாரிஸ் முத்துவா இறந்து கிடந்தார். கென்யாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடியவர். போலீஸ் அவருடைய ஆண் நண்பரைத் தேடியது.

2024-ல் உலகமே அதிர்ந்தது. உகாண்டாவின் ரெபெக்கா செப்டெகெய் மலையோட்டத்தில் உலகத் தங்கம் வென்றவர், ராணுவத்தில் பணியாற்றியவர். ஆகஸ்ட் 11 அன்று பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 44-வதாக வந்தார். பயிற்சி வசதிக்காக எல்லை தாண்டி கென்யாவின் டிரான்ஸ் ஸோயா மாவட்டத்தில் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர் மீது முன்னாள் துணைவர் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தார். உடம்பில் 80 சதவீதத் தீக்காயம். செப்டம்பர் 5 அன்று எல்டொரெட் மருத்துவமனையில் இறந்தார். வயது 33. தீ வைத்தவரும் காயத்தால் சில நாளில் இறந்ததால் விசாரணையும் அங்கேயே முடிந்துபோனது. சண்டை எதற்காக? அந்த நிலத்துக்காகவும் வீட்டுக்காகவும் என்றது போலீஸ்.

மூன்று ஆண்டுகளில், ஒரே வட்டாரத்தில், மூன்று சர்வதேச ஓட்டக்காரிகள். இதில் இரண்டு சம்பவங்களில் நிலமும் பணமும் பேச்சில் அடிபடுகின்றன.

■ கென்யா: வீட்டுக்குள் நடப்பது

• 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட கென்யப் பெண்களில் 34 சதவீதம் பேர் 15 வயதுக்குப் பிறகு உடல்ரீதியான வன்முறையை அனுபவித்தவர்கள்.
• 2024 ஜனவரி 27 அன்று நைரோபியிலும் பிற நகரங்களிலும் பெண் கொலைகளைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள்.

தோழிகள் தொடங்கியது

முதலில் எழுந்து நின்றவர்கள் சக ஓட்டக்காரிகள். ஆக்னஸ் அடக்கமான சில வாரங்களில், 2021 நவம்பர் 7 அன்று நியூயார்க் மாரத்தானில் வயோலா செப்டூ இரண்டாவதாக வந்தார். மாரத்தான் அவருக்கு அதுதான் முதல் முறை. வழக்கமாக அந்த மேடையில் நேரத்தையும் அடுத்த பந்தயத்தையும் பற்றித்தான் பேச்சு போகும். வயோலா தோழியைப் பற்றியும் வீடுகளுக்குள் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றியும் பேசினார். அவரும் மற்ற வீராங்கனைகளும் ஆக்னஸின் குடும்பத்தாரும் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்குப் பேர் ‘டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்’. பயிற்சி முகாம்களுக்கும் பள்ளிகளுக்கும் போய் இளம் பெண்களிடம் பேசுகிறார்கள். சிக்கலில் இருப்பவர் வந்து சொல்ல ஓர் இடம் தருகிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. மாரத்தானில் இரண்டு ஒலிம்பிக் வெள்ளி வென்ற கேத்தரின் நதெரெபா தலைமையில், விளையாட்டில் பெண்களின் நலனை ஆராயக் குழு அமைத்தது. அறிக்கை வந்தது. தடகளச் சங்கம் கூட்டங்கள் நடத்தியது. இருந்தும் 2024-ல் ரெபெக்காவைக் காப்பாற்ற எதுவும் கைகொடுக்கவில்லை. முன்பே போலீஸில் புகார் சொல்லியிருந்தும் பலனில்லை என்றார்கள் அவர் குடும்பத்தார்.

எங்கே இடறுகிறது? கூட்டங்களும் கருத்தரங்குகளும் ‘உறவில் பிரச்னை வந்தால் வெளியே வந்து சொல்லுங்கள்’ என்கின்றன. வெளியே வந்தால் எங்கே தங்குவது, நாளைக் காலை யாரோடு ஓடுவது, பணத்தை எப்படி எடுப்பது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் ஒரு பெண் வாசலைத் தாண்டுவாள். முகாமில் ஓர் அறை, சம்பளத்துக்கு ஓடும் பெண் பயிற்சியாளர்கள், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே வீராங்கனையின் பேரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. இதில் எதுவும் கென்யாவால் முடியாத காரியமில்லை. ஷூ நிறுவனங்களும் ஏஜென்ட்களும் பணம் அனுப்பும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘வேறு கணக்குக்கு அனுப்ப மாட்டோம்’ என்ற ஒரு வரியை அவர்கள் நினைத்தால் நாளையே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.

இந்த விளையாட்டால் வீராங்கனைகளைக் கண்காணிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் எந்த 60 நிமிடம், எந்த முகவரியில் இருப்பார் என்று அடுத்த மூன்று மாதத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்ன இடத்தில் ஆள் இல்லையென்றால் அது ஒரு தவறு. 12 மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால் தடை. எந்த ஊரில், எந்தக் கதவைத் தட்டினால், எத்தனை மணிக்குத் திறப்பார் என்பது வரை அதிகாரிகளுக்குத் தெரியும். சிறுநீர் மாதிரி எடுக்க விடியற்காலையில் இடென் வீடுகளின் கதவைத் தட்டும் அந்த ஏற்பாடு, அதே படிவத்தில் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: உங்கள் பணத்தை எடுக்க, உங்களைத் தவிர வேறு யாருடைய கையெழுத்தாவது வேண்டுமா?